ரவாங்கில் மஞ்சள் மழை

குளிர் நாடுகளில் வசந்தம் வந்தால் மகரந்தத் தூள் கார்களை மூடுமாம். கோலாலம்பூருக்கு வடக்கே, எங்கள் ரவாங்கில் வசந்தம் கிடையாது. ஆனால், வெயில் காய்ந்து ஒரு மழை பெய்தால் போதும். தாமான் சாலையோர அங்சானா மரங்கள் பூத்து, ஒரே நாளில் உதிர்ந்துவிடும். நம் வேங்கைக்கு உறவு மரம். சாலையும் மஞ்சள், அடியில் நிற்கும் காரும் மஞ்சள்.

அப்பா விட்டுப்போன பெரோடுவா கான்சில் இன்னும் ஓடுகிறது. 1994-இல் அறிமுகமான அந்தக் காரின் பிறப்பிடமும் ரவாங்தான், சுங்கை சோ தொழிற்சாலை. போன மாதம் பூவையும் அதோடு படிந்த லாரித் தூசியையும் காய்ந்த துணியால் துடைத்தேன். வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்க வளைய வளையமாகக் கீறல்கள். மனசு பதறிவிட்டது.

“தண்ணி ஊத்தாம தொடைக்கலாமா தம்பி? தூசி அரம் மாதிரி அராவிடும்” என்றார் பக்கத்து வீட்டு அங்கிள்.

இப்போதெல்லாம் காலை நிழலிலேயே முதலில் தாராளமாகத் தண்ணீர். பிறகு கார் ஷாம்பு, மேலிருந்து கீழாக. கடைசியில் மைக்ரோஃபைபர் துணி. பழைய கீறல்கள் முழுதாகப் போகவில்லை. ஞாயிறுதோறும் அப்பா வாளியோடு ஏன் அவ்வளவு நேரம் நின்றார் என்பது மட்டும் புரிந்துவிட்டது.