நான்கு நாள் தாமதம்

மூன்று வருடங்களுக்கு முன் என் மனைவிக்குக் கண் மஞ்சளித்தது. "காமாலைதாங்க, கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சா போயிடும்" என்றாள். நானும் தலையாட்டினேன். நான்காம் நாள் ராத்திரி வலது விலாவுக்குக் கீழே வலி. உடம்பைத் தூக்கிப்போடும் குளிர் ஜுரம். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

பித்தக்குழாயைக் கல் அடைத்திருந்தது. தேங்கிய பித்தத்தில் கிருமிகள் பெருகிவிட்டன. டாக்டர் பொறுமையாக விளக்கினார்: "இந்தக் கிருமியின் மேலுறையிலேயே நஞ்சு இருக்கிறது. அதனால் குழாயின் உட்சுவர் வீங்கிப் புண்ணாகும். அப்படியே நீடித்தால், புண்ணை ஆற்ற முளைக்கும் செல்கள் அளவுமீறிப் பெருகும். சுவர் தடித்துக் குழாய் சுருங்கும். வருடக்கணக்கில் விட்டால் புற்றுநோய்க்கும் இடமுண்டு."

வாய் வழியே குழாய் விட்டுக் கல்லை எடுத்தார்கள். பிழைத்தாள்.

காமாலை, வலி, குளிர் ஜுரம் மூன்றும் சேர்ந்தால் பித்தக்குழாயைச் சந்தேகிக்க வேண்டும் என்று பாரீஸ் டாக்டர் ஷார்கோ 1877-லேயே பிரெஞ்சில் எழுதிவிட்டார். பிரெஞ்சில் படித்த நான் அதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

நண்பர்களே, கண் மஞ்சளித்துக் குளிர் ஜுரமும் வந்தால் என்னைப் போலத் தலையாட்டிக்கொண்டு இருக்காதீர்கள். அன்றே கிளம்புங்கள்.