புழு கடிக்காமலே ஒரு புழுக்கடி

சீனாவின் சோங்சிங்கிலிருந்து தென்கிழக்கே போகும் சாலை பாதி நேரம் மலைக்குள்ளேயே ஓடுகிறது. துஜியா, மியாவ் மக்கள் வாழும் யோயாங்கில் இறங்கினால், சரிவுகளில் ஆளுயரத்துக்கு மேல் நிற்கிறது சிங்ஹாவ் செடி. ஓர் இலையைக் கசக்கி மோந்தேன். நம் மரிக்கொழுந்துக்குப் பங்காளி. இரண்டும் ஆர்ட்டிமீசியா பேரினம். மலேரியாவை முறிக்கும் ஆர்ட்டிமிசினினை 1970-களின் தொடக்கத்தில் தூ யோயோவின் குழு பிரித்தெடுத்தது இந்தச் செடியிலிருந்துதான். 2015-இல் அவருக்கு நோபல் கிடைத்தது. செடி மட்டும் மகா கஞ்சம். உலர்ந்த இலையில் நூற்றுக்கு ஒரு பங்கு மருந்து தேறினாலே பெரிது.

அந்தக் கஞ்சத்தனத்தை அசைத்துப் பார்ப்பதை ஓர் ஆய்வு மாணவி பசுமைக்குடிலில் காட்டினார். தொட்டிச் செடிகளின் மேல் அவர் தெளித்தது மெத்தில் ஜாஸ்மோனேட். 1962-இல் ஜாதிமல்லி எண்ணெயில் கண்டறிந்த பொருள்! மல்லியும் மரிக்கொழுந்தும் சேர்ந்தால் சரம் என்றுதான் இதுவரை எனக்குத் தெரியும்.

பூவில் மணமாக இருப்பது இலைக்குள் போனால் அபாயச் சேதி. புழு கடித்தால் செடியே ஜாஸ்மோனேட்டைச் சுரக்கும். மரபணுக்களை முடுக்கும் புரதங்களை ‘ஜாஸ்’ என்ற வேறு புரதங்கள் சாதாரண நாளில் பிடித்து வைத்திருக்கும். சேதி வந்ததும் செல் அந்த ‘ஜாஸ்’களைச் சிதைத்துவிடுகிறது. பிடி விட்டதும் மருந்துக்கான முதல் நொதியைத் தரும் ஏடிஎஸ் உள்ளிட்ட மரபணுக்கள் சுறுசுறுப்பாகின்றன. எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்க, குறித்த மணிக்கொரு முறை இலையைக் கிள்ளித் திரவ நைட்ரஜனில் போடுகிறார்கள். அந்தக் கணத்தின் ஆர்.என்.ஏ. அப்படியே உறைந்து நிற்கும்.

நுண்ணோக்கியில் இலையைக் காட்டினார். இரண்டு வரிசையாகப் பத்தே செல்கள் கொண்ட சுரப்பி மயிர்கள், தலையில் உப்பிய பை. மருந்து சேர்வது செல்லுக்கு வெளியே, அந்தப் பையில். ஜாஸ்மோனேட் பட்டால் புதிதாக விரியும் இலைகளில் இம்மயிர்களே கூடுதலாக முளைக்கின்றன. மரபணு முடுக்கத்தைவிட எனக்கு இதுதான் பெரிய வியப்பு. வராத புழுவுக்காகச் செடி கிடங்கையே பெருக்குகிறதே!

“அப்படியானால் மலைச்சரிவு முழுக்கத் தெளிக்க வேண்டியதுதானே?” என்றேன்.

சிரித்துவிட்டார். “எதிர்ப்பில் இறங்கிய செடி வளர்வதைக் குறைத்துக்கொள்ளும். ஒரு கிராம் இலையில் மருந்து கூடும், சரி. இலையே குறைந்துபோனால்?”