குழாயடித் தீர்ப்பு

எங்கள் கடலூர்ப் பக்கம் ஒரு வீட்டில் கொலை என்று காதில் விழுந்தால் போதும், குழாயடியில் உடனே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். "அவங்கதான் செஞ்சிருப்பாங்க, வேற யாரு?" என்பார்கள், குடம் நிரம்புவதற்குள்.

அப்போதெல்லாம் எனக்குக் கண்ணகி, முருகேசன் ஞாபகம் வரும். விருத்தாசலம் பக்கத்துப் புதுக்கூரைப்பேட்டைக்காரர்கள். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். ஜாதி வேறு. 2003 மே மாதம் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஜூலை 8-ந் தேதி பெண் வீட்டாரே இருவருக்கும் விஷம் ஊற்றிக் கொன்று, எரித்தும் விட்டார்கள்.

போலீசார் முதலில் சொன்ன கதை என்ன தெரியுமா? பெண்ணை அவள் வீட்டாரும், பையனை அவன் வீட்டாரும் கொன்றார்களாம்! பிள்ளையைப் பறிகொடுத்த தரப்பிலும் நாலு பேரைப் பிடித்தார்கள். 2004-ல் விசாரணை சி.பி.ஐ.க்குப் போன பிறகுதான் அந்தக் கதை உடைந்தது. 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் பெண்ணின் அண்ணன், அப்பா, பொய்க்கதை கட்டிய இரண்டு போலீஸ் அதிகாரிகள் உள்படப் பலரைக் குற்றவாளிகள் என்றது. 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றமும் அவர்களுடைய முறையீட்டைத் தள்ளிவிட்டது.

ஊரறிய நடந்த கொலை. ஆனால் 81 சாட்சிகளில் 36 பேர் கூண்டேறியதும் பல்டி அடித்துவிட்டார்கள். முருகேசனின் சிற்றன்னை சொன்ன சாட்சியமோ உச்சநீதிமன்றம் வரை நின்றது.

சகோதரிகளே, தெரியாததை ஊகித்துப் பேச ஆயிரம் வாய் உண்டு. கண்ணால் பார்த்ததை நீதிபதி முன்னால் சொல்லத்தான் ஆளில்லை. விசாரணை முடியும்வரை குழாயடியில் வாயை மூடுவோம். கூப்பிட்டால் கோர்ட்டில் திறப்போம். நம் பிள்ளைகள் இரண்டையும் பார்த்துத்தான் வளர்கிறார்கள்.