விழுந்ததால் வந்ததல்ல

சில வருடங்களுக்கு முன்பு நடந்தது. பேரனுக்கு அப்போது மூன்று வயது. மஞ்சக்குப்பம் வீட்டுத் திண்ணையிலிருந்து விழுந்தான். நெற்றியில் சின்னப் புடைப்புதான். அழுது ஓய்ந்து தூங்கிவிட்டான். மறுநாள் எவ்வளவு கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்கு முன்பே அவனுக்குப் பத்துப் பன்னிரண்டு வார்த்தைகள்தான் வரும். "ஆம்பளப் புள்ளைங்க லேட்டாத்தான் பேசும்" என்று நானே சமாதானம் சொல்லியிருந்தேன். இப்போதோ வருகிறவர்களிடமெல்லாம், "அம்மாக்காரி கவனிக்கல, விழுந்துட்டான்" என்று சொல்ல ஆரம்பித்தேன். மருமகள் வேறு யாருமில்லை, என் தங்கை மகள். பிறந்ததிலிருந்து என்னை "மாமா" என்று வாய் நிறையக் கூப்பிட்டவள், பேச்சையே குறைத்துக்கொண்டாள்.

சிதம்பரத்தில் காட்டினோம். பெரா சோதனையில் இரண்டு காதும் சரியாகக் கேட்கவில்லை என்று தெரிந்தது. பிறகு சி.டி., எம்.ஆர்.ஐ. இரண்டும் எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தைக் காட்டி விளக்கினார்.

உள்காதில் காக்ளியா என்று நத்தைக்கூடு போல ஒன்று இருக்கிறது. சாதாரணமாக அது இரண்டரைச் சுற்று இருக்கும். இவனுக்கு ஒன்றரைதான். அதன் பக்கத்தில் ஒரு மெல்லிய எலும்புக் குழாய். ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டினாலே அதிக அகலம் என்பார்களாம். இவனுக்கு அதையும் தாண்டியிருந்தது. எலும்பின் அமைப்பை சி.டி. காட்டும், கேட்கும் நரம்பு இருக்கிறதா என்பதை எம்.ஆர்.ஐ. காட்டும். நல்லவேளையாக நரம்பு இருந்தது.

"இது வயிற்றில் இருக்கும்போதே வந்தது. இப்படிப்பட்ட காதுக்குச் சின்ன அடி பட்டாலும் கேட்பது குறையலாம். அடி படாமலே குறைவதும் உண்டு" என்றார். பிறகு, "சொந்தத்தில் கல்யாணமா?" என்று கேட்டார்.

மகனும் மருமகளும் என்னைப் பார்த்தார்கள். சொத்தும் உறவும் விட்டுப்போகக் கூடாது என்று பிடிவாதமாக அந்தக் கல்யாணத்தை முடித்தவன் நான்.

"மரபணு காரணமாக இருக்கலாம். சொந்தத்தில் கட்டினால் வாய்ப்பு கூடும், அசலில் கட்டினாலும் வரும். யாரையும் குற்றம் சொல்லாதீர்கள்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ் ஆலப்பாக்கம் தாண்டியதும், "தப்பா பேசிட்டேம்மா" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். 1791இல் இத்தாலியின் போலோனா நகரில் கார்லோ மோன்டினி என்ற மருத்துவர், பிறவியிலேயே காது கேளாத எட்டு வயதுச் சிறுவனின் காதைப் பிரித்துப் பார்த்து, இதே ஒன்றரைச் சுற்றை எழுதி வைத்திருக்கிறார். சிறுவன் இறந்த பிறகுதான் அவரால் பார்க்க முடிந்தது. நம் பிள்ளைகளுக்கு உயிரோடு இருக்கும்போதே, பேச்சு வரும் வயதுக்குள் பார்க்க முடிகிறது.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில், ஆறு வயதுக்குள் இருந்ததால், பேரனுக்குக் காக்ளியர் கருவி பொருத்தினார்கள். அதன் பிறகு மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சி. தினமும் கூட்டிக்கொண்டு போனவள் மருமகள்தான்.

பேரன் பேத்தி பேசத் தாமதமானால் சமாதானம் சொல்லாதீர்கள், உடனே காதைப் பரிசோதியுங்கள். பிறந்தபோது சரியாக இருந்த காதும் பின்னால் குறையலாம்.

இப்போது பேரன் மாடியிலிருந்தே "தாத்தா" என்று கத்துகிறான். மருமகள், "மாமா, உங்களைத்தான் கூப்பிடறான்" என்கிறாள்.