ஏழு நிமிஷம்

திருச்சியில் இருக்கிற ஊனமுற்ற ஒருத்தருக்கு மேல்முறையீடு என்றால் ஊர்விட்டு ஊர் போகிற வேலை. 2016-ஆம் ஆண்டு உரிமைச் சட்டப்படி மாநில ஆணையர் சென்னையில், தலைமை ஆணையர் டெல்லியில். மத்திய அரசு ஊழியர் வழக்கென்றால் நிர்வாகத் தீர்ப்பாயத்தின் அமர்வு சென்னையில். உயர்நீதிமன்றம் என்றால் 2004-லிருந்து எங்களுக்கு மதுரை. முன்பெல்லாம் தலைமை ஆணையர் மாநிலங்களுக்கு வந்து 'நடமாடும் நீதிமன்றம்' நடத்தியதுண்டு. கொரோனாவுக்குப் பிறகு திரை வந்துவிட்டது. எங்கேயும் போகவேண்டாம், இருக்கிற இடத்திலேயே விசாரணை என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இருக்கிற இடம் எது என்பதில்தான் வில்லங்கம்.

என் தங்கச்சிக்கு இரண்டு காலிலும் போலியோ. கொள்ளிடக் கரைப் பக்கம் எங்கள் தெரு. சாத்தார வீதி மார்க்கெட்டிலிருந்து பூவை எடை போட்டுக் கொண்டுவந்து கொடுப்பார்கள், உட்கார்ந்த இடத்திலேயே கட்டிக் கொடுப்பாள். பெருமாளுக்குப் போகிற மாலையில் எங்க வீட்டு நாரும் இருக்கும், அது யாருக்கும் தீட்டில்லை. ஒரு நாளைக்கு நூறு ரூபாய் நின்றால் பெரிசு. முகூர்த்தம் இல்லாத மாசத்தில் அதுவும் இல்லை.

அப்பா மத்திய அரசுத் துறை ஒன்றில் துப்புரவுத் தொழிலாளி. முப்பத்தோரு வருஷம் அடுத்தவன் கழிவைக் கழுவினார். அவருக்குப் பிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்தது. 2019-இல் அம்மாவும் போய்விட்டாள். சம்பாதித்துப் பிழைக்க முடியாத ஊனமுற்ற பிள்ளைக்கு அந்த ஓய்வூதியம் ஆயுள் முழுக்க உண்டு என்று விதி இருக்கிறது. 2021 பிப்ரவரியில் ஓர் உத்தரவும் போட்டார்கள். பிள்ளையின் மற்ற வருமானம் அவருக்குச் சேரவேண்டிய சாதாரண விகிதக் குடும்ப ஓய்வூதியத்தைவிட, அதாவது கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதமும் அதற்கான அகவிலைப்படியும் சேர்ந்த தொகையைவிட, குறைவாக இருந்தால் போதும். குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதியமே 9,000 ரூபாய். பூக்கட்டி எந்தக் காலத்தில் ஒன்பதாயிரம் பார்ப்பது?

உள்ளூரில் மருத்துவக் குழுவுக்கு முன்னால் நிறுத்தினார்கள். நிறுத்தினார்கள் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன், அவளால் நிற்க முடியாது. காகிதத்தை வாங்கிய குமாஸ்தா முகவரியைப் படித்துவிட்டு, "ஓ, அந்தத் தெருவா" என்றார். பிறகு எங்களைப் பார்க்கவே இல்லை. "பூக் கட்டுறியே, அது சம்பாத்தியம் இல்லையா? ஒங்க ஆளுங்களுக்கு எல்லாத்துலயும் ஒரு பென்ஷன் வேணும்." சான்றிதழில் ஊனம் 65 சதவீதம் என்று வந்தது. பக்கத்திலேயே, 'உட்கார்ந்த நிலையில் வேலை செய்து பிழைக்கக்கூடியவர்' என்றும் வந்தது. மனு தள்ளுபடி.

மேல்முறையீடு டெல்லிக்குப் போனது. 2023-இல் ஒருநாள் மின்னஞ்சலில் ஓர் இணைப்பு வந்தது, காலை பதினொரு மணிக்கு ஆஜராகவும் என்று. எங்க வீட்டில் செல்போன் சிக்னல் திண்ணையில் கிடைக்கும், உள்ளே கிடைக்காது. திண்ணையில் உட்கார்ந்து வழக்குப் பேசினால் தெருவே கூடிவிடும். ஸ்ரீரங்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையைப் பிடித்தோம். கடை மாடியில். பதினெட்டுப் படி. நானும் என் மச்சானும் அவளைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். வீடு தேடி வருகிற நீதியை இப்படித் தூக்கிச் சுமந்துதான் பார்க்க வேண்டியிருந்தது.

பதினொரு மணி ஒன்றே முக்கால் ஆனது. அதுவரை அவள் தண்ணீர் குடிக்கவில்லை. கக்கூஸ் கீழே இருந்தது.

கூப்பிட்டதும் ஏழு நிமிஷம். டெல்லிக்காரர் இந்தியிலும் இங்கிலீஷிலும் பேசினார். துறை சார்பில் தமிழ் தெரிந்த ஓர் அதிகாரி ஏசி அறையில் வக்கீலோடு உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு மொழிபெயர்க்க யாரும் இல்லை, அந்த வேலையையும் எதிர்க்கட்சிக்காரரே எடுத்துக்கொண்டார். "நடப்பீங்களா?" என்று கேள்வி வந்தது. "நடப்பேங்க, முழங்காலைக் கையால புடிச்சு நாலு எட்டு. அப்பறம் தவந்துதாங்க" என்றாள். அவர் இங்கிலீஷில் சொன்னது, நடக்க முடியும் என்கிறார், அவ்வளவுதான். நான் குறுக்கே கத்தினேன். எங்க பக்கத்து மைக்கை நிறுத்தி வைத்திருந்தார்கள். திரையில் அவள் முகம் மட்டும் தெரிந்தது. காலைக் காட்டவேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை.

அந்தச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, ஊனமுற்றவரின் சாட்சியத்தை அவர் விரும்பும் மொழியில் பதிவு செய்யத் தேவையான வசதி இருக்கவேண்டும் என்கிறது. சட்டம் தமிழிலும் கிடைக்கும். வசதிதான் கிடைக்கவில்லை.

ஆனால் இதையும் சொல்லவேண்டும். 2021 உத்தரவின்படி வருமானத்தைக் கணக்குப் போட்டீர்களா என்று துறையைப் பார்த்துக் கேட்ட முதல் ஆள் அந்த டெல்லிக்காரர்தான். நான்கு வருஷமாக உள்ளூரில் யாரும் கேட்கவில்லை. அந்த அதிகாரி ஃபைலைப் புரட்டினார், பதில் இல்லை. கீழே இறங்கியதும் தங்கச்சி சொன்னாள்: "அந்த ஆளு நம்ம தெரு பேரக் கேக்கலண்ணே. மூஞ்சியச் சுளிக்கல."

நான் அன்றைக்குக் கொதித்துப்போய் இருந்தேன். மனுசனை மனுசன் நேரில் பார்க்காமல் என்ன விசாரணை என்று தோழர்களிடம் பேசிக்கொண்டு திரிந்தேன். அவள் சொன்னது அந்தப் பேச்சை நடுவில் வெட்டியது. நேரில் பார்த்தவர்கள் எதைப் பார்த்தார்கள்? சாதியைப் பார்த்தார்கள். தூரத்தில் இருந்தவருக்குச் சாதி தெரியவில்லை, காலும் தெரியவில்லை. இரண்டில் எது தேவலாம் என்பதை நான் முடிவு செய்ய முடியாது. தவழ்கிறவள் அவள்.

அமெரிக்காவில் 2007-இல் வர்ஜீனியா மாநிலத்து ஃபால்ஸ் சர்ச் என்ற ஊரில் ஒரு தேசிய விசாரணை மையம் திறந்தார்கள். நாடெங்கும் குவிந்து கிடந்த ஊனமுற்றோர் உதவித்தொகை மேல்முறையீடுகளை அங்கிருந்த நீதிபதிகள் வீடியோவில் கேட்டார்கள். திரை வேண்டாம், நேரில்தான் வருவேன் என்று சொல்ல மனுதாரருக்கு அப்போது உரிமை இருந்தது. பிறகு அங்கே அந்த உரிமையைச் சுற்றியும் சண்டை நடந்தது. இங்கே அப்படி ஒரு கேள்வியை யாரும் எங்களிடம் கேட்கவே இல்லை. இணைப்பு வந்தது, ஆஜராகு என்றது.

வருமானத்தைக் கணக்கிட்டு மறுபடி பரிசீலிக்கும்படி உத்தரவு வந்தது. இன்னொரு மருத்துவக் குழு, இன்னொரு அலைச்சல். கடைசியில் பென்ஷன் வந்தது. அம்மா செத்த நாளிலிருந்து சேரவேண்டிய நிலுவை வரவில்லை. அதற்கு இப்போது புது மனு எழுதுகிறோம். 12-ஆவது பிரிவைச் சொல்லி, துறையைச் சேராத தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கேட்டிருக்கிறோம். நேரில் கேட்கச் சொல்லி எழுதட்டுமா என்று தங்கச்சியிடம் கேட்டேன். பூத்தொடுக்கிற கையை நிறுத்தாமல் சொன்னாள்:

"திரையிலயே கேக்கட்டும். ஆனா கலெக்டர் ஆபீசுல கீழ்த்தள ரூமு ஒண்ணு வேணும்னு எழுது. காலையும் காட்டணும்னு எழுது."