மணமகளின் ஊசி

சீர்வரிசை என்றதும் நம் கண்முன் பொன்னும் ரொக்கமுமே வந்து நிற்கின்றன. பாலஸ்தீனச் சிற்றூர் மணமகளுக்கோ, தன் கையால் பூவேலை செய்த அங்கிகளே சீராயிருந்தன. அந்தத் தையலைக் கண்டே அவள் எந்த வட்டாரத்தவள் என்று சொல்லிவிடுவர். 1948-இல் நூற்றுக்கணக்கான ஊர்கள் வெறிச்சோடின. தையல் மட்டும் பெண்களோடு அகதி முகாம்களுக்குச் சென்றது.

பெய்ரூத்தில் பிறந்த பாலஸ்தீனக் கலைஞர் மோனா ஹாத்தூம், லெபனான் முகாம்களின் பெண்கள் தைத்த பன்னிரண்டு துணிகளை, கொடியில் உலர்த்துவதுபோல் கம்பிகளில் தொங்கவிட்டார். 2012–13-இல் உருவான அப்படைப்பின் பெயர் 'பன்னிரண்டு சாளரங்கள்'. ஒவ்வொரு சாளரத்திலும் ஒரு வட்டாரம் தெரிகிறது.

மணமகளின் சீர் ஒரு மக்களின் முகவரியாயிற்று. விலைகொடுத்து நாம் வாங்கும் சீரில் நம் பெண்மக்களின் கைத்தடம் எங்கே?