லவ்டேல் நிலையத்தில் கற்ற பாடம்



உங்களில் பலர் உதகைக்குச் சென்று, பூங்காவையும் ஏரியையும் கண்டு திரும்பியிருப்பீர்கள். உதகைக்குச் சற்று முன்னே உள்ள லவ்டேலில் இறங்கியவர்கள் சிலராகவே இருப்பர். மரங்களுக்கிடையே அமைந்த சிறிய நிலையம் அது. 1858-ல் தொடங்கப்பெற்ற லாரன்ஸ் பள்ளியும் இவ்வூரில்தான் இருக்கிறது.

சென்ற கோடையில் மதரஸாவுக்கு விடுமுறை விட்டதும், குடும்பத்துடன் இங்குள்ள உறவினர் இல்லத்தில் ஐந்து நாள்கள் தங்கும் வாய்ப்பை வல்ல நாயன் அளித்தான். காலையிலும் மாலையிலும் நிலையத்து இருக்கையில் போய் அமர்வேன். குன்னூரிலிருந்து வரும் முதல் வண்டியில் உட்கார இடம் இருந்தது. மாலையில் உதகையிலிருந்து இறங்கும் வண்டியிலோ கால் வைக்கவும் இடமில்லை. பாதை ஒன்று, கட்டணம் ஒன்று. இந்த வேறுபாடு எதனால் என்று சிந்தித்தேன்.

முதற்காரணம் மலையே. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைவரை 46 கிலோமீட்டர். 1899-ல் குன்னூர் வரையிலும் 1908-ல் உதகை வரையிலும் இப்பாதை அமைந்தது. கல்லாறு முதல் குன்னூர் வரை, 12 அடிக்கு ஓரடி என்னும் அளவில் பாதை செங்குத்தாக ஏறுகிறது. தண்டவாளத்தின் நடுவே பதித்த பற்சட்டத்தைப் பற்களுள்ள சக்கரம் பற்றிக்கொள்ள, நீராவி எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிச் செல்லும். அங்கே வேகம் மணிக்கு 13 கிலோமீட்டரைத் தாண்டாது. ஆகவே, கூட்டம் பெருகுகிறதென்று வேண்டுமட்டும் பெட்டிகளைக் கோத்துவிட இயலாது.

இரண்டாவது காரணம் கால அட்டவணை. சிறப்பு வண்டிகள் நீங்கலாக, மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை நாளொன்றுக்கு ஒரே வண்டிதான். காலை 7.10-க்குப் புறப்பட்டு நண்பகலை ஒட்டி உதகையை அடையும். பிற்பகல் 2 மணிக்குத் திரும்பும். சென்னையிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து வரும் நீலகிரி விரைவு வண்டியின் பயணிகள் காலையில் இதைத்தான் நாடுகின்றனர். 2005-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக இப்பாதையை ஏற்றபின், உலகெங்கிலுமிருந்து வருவோரும் சேர்ந்துகொண்டனர்.

அவ்வண்டியில் இடம் கிட்டாதவர்கள், மலைரயிலில் ஏறிய திருப்திக்காகக் குன்னூருக்கும் உதகைக்கும் இடையே ஓடும் வண்டிகளுக்கு வருகின்றனர். ஊரைச் சுற்றிப் பார்த்தபின் வருவதால் அவர்கள் நாடுவது மாலை வண்டியை. வேலை முடிந்த உள்ளூர் மக்கள் வீடு திரும்புவதும் அதே நேரத்தில்தான். போதாக்குறைக்கு இது ஒற்றைத் தடம். ஒரு வண்டி தாமதித்தால் எதிர்வண்டியும் காத்திருக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் நடைமேடையில் கூட்டம் சேர்ந்துகொண்டே போகும்.

நம் பள்ளிவாசலிலும் இதைக் காணலாம். ஜும்ஆ நாளில் முன்னேரத்தில் சென்றால் முதல் ஸஃப்பிலேயே இடமிருக்கும். குத்பா தொடங்கும் வேளையிலோ வாசலில் நெரிசல். பள்ளிவாசல் சுருங்கிவிடவில்லை, நாம்தான் எல்லோரும் ஒரே நேரத்தைத் தேர்ந்துகொள்கிறோம்.

இவ்வளவும் கண்டறிந்துவிட்டதாக எண்ணி மகிழ்ந்திருந்தேன். என் அருகில் வந்து அமரும் மூதாட்டி ஒருவர், லவ்டேலில் ஒரு வீட்டில் வேலை செய்துவிட்டு அடுத்த நிலையமான கேத்திக்குத் திரும்புகிறவர். "சீசன் வந்தா எங்களுக்கு ரயில் கிடையாது பாய், பஸ்ஸுதான். பஸ்ஸுக்கு மேடேறி ரோட்டுக்கு நடக்கணும், மூட்டு வலி" என்றார். வருந்தித் தலையசைத்தேன்.

நான்காம் நாள் மாலை, பிள்ளைகளின் ஆசைக்காக உதகையில் அதே வண்டியில் ஏறினோம். குன்னூர் வரை போய்ப் பேருந்தில் திரும்புவது எங்கள் எண்ணம். நெருக்கியடித்து ஏறிப் பிள்ளைக்கோர் இருக்கை பிடித்தேன்; பைக்கும் ஓரிடம் வைத்தேன். லவ்டேலில் வண்டி நின்றது. ஏற முயன்ற கூட்டத்தில் அந்த மூதாட்டி! எங்கள் பெட்டியின் வாசலில் கை வைத்தவர், உள்ளே பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். நான் பதறிப் பையை இறக்கிப் பிள்ளையை மடியில் இருத்துவதற்குள் விசில் ஒலித்தது. வண்டி நகர்ந்துவிட்டது.

நான்கு நாள்களாக எந்த நெரிசலுக்குக் காரணம் தேடினேனோ, அந்த நெரிசல் நானேதான் என்று அப்போது உணர்ந்தேன்.

மறுநாள் அவரைக் கண்டு மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்ன பாய், பஸ் கிடைச்சுது" என்று சிரித்தார். அச்சிரிப்பு இன்னும் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

வாசகர்களே! மலைரயிலில் செல்லுங்கள், இறைவனின் படைப்பழகைக் கண்டு மகிழுங்கள். ஆனால் முதல் வண்டியில் செல்லுங்கள். உழைத்தோர் வீடு திரும்பும் நேரத்தை அவர்களுக்கே விட்டுவிடுங்கள். சிறு பிள்ளைகளை மடியிலும் பைகளைக் காலடியிலும் வைத்துக்கொள்ளுங்கள். சபையில் பிறருக்கு இடம் விட்டுக்கொடுக்க நம் மார்க்கம் கற்பிக்கிறது. ரயில் பெட்டியும் ஒரு சபைதானே!